சாய்வுமானி

சாய்வுமானி என்பது ஒரு பார்வைக்கோடு கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு சாய்ந்துள்ளது என்பதை அளக்கும் கருவியாகும். நில அளவை, காட்டியல் ஆகிய துறைகளில் பயன்படும் இக்கருவியின் எளிய வடிவம், செங்கோண முக்கோணத்தின் முக்கோணவியல் விகிதங்களைப் பள்ளிகளில் செயல்வழி கற்பிக்கவும் பயன்படுகின்றது. மரம், கொடிக்கம்பம், கோபுரம் முதலியவற்றின் உயரத்தை மாணவர் தரையில் நின்றவாறே கணிக்கலாம்.

அமைப்பு

அரைவட்டப் பாகைமானியின் நேர்விளிம்பில் உறிஞ்சுகுழல் ஒன்று ஒட்டப்படும். அவ்விளிம்பின் மையப்புள்ளியில் நூல் கட்டப்பட்டு, அதன் முனையில் சிறு எடை தொங்கவிடப்படும். வளைந்த பக்கம் கீழே இருக்குமாறு குழலைக் கிடைமட்டமாகப் பிடித்தால், நூல் 90° கோட்டின் மீது அமையும். குழலின் வழியே உச்சியை நோக்கும்போது நூல் 90° கோட்டிலிருந்து விலகும் அளவே ஏற்றக்கோணம் ஆகும்.

கணக்கிடும் முறை

உயரம் = (அடியிலிருந்து தொலைவு × ஏற்றக்கோணத்தின் டேன்சன்ட்) + கண்மட்ட உயரம்

எடுத்துக்காட்டாக, மரத்தின் அடியிலிருந்து 20 மீ தொலைவில் நூல் 55° காட்டினால், ஏற்றக்கோணம் 35° ஆகும். இதன் டேன்சன்ட் மதிப்பு ஏறத்தாழ 0.70. எனவே கண்மட்டத்திற்கு மேலுள்ள உயரம் 14 மீ. கண்மட்டம் 1.4 மீ எனில், மரத்தின் உயரம் 15.4 மீ.

பிழைகள்

நூல் காட்டும் 55° அளவையே ஏற்றக்கோணமாகக் கொள்வது மாணவரிடம் காணப்படும் பிழையாகும். அவ்வாறு செய்தால் இம்மரத்தின் உயரம் ஏறத்தாழ 30 மீ எனக் கிடைக்கும். கண்மட்ட உயரத்தைக் கூட்ட மறப்பது மற்றொரு பிழையாகும்.

கோணத்தை 1° தவறாக அளந்தால், 45° அளவில் கணித்த உயரம் ஏறத்தாழ 3.5 விழுக்காடு மாறும். 20° அல்லது 70° அளவில் இம்மாற்றம் ஏறத்தாழ 5.5 விழுக்காடாக உயரும். ஆகவே ஏற்றக்கோணம் 45°-க்கு அருகில் அமையும் இடத்தில் நின்று அளப்பது சிறந்தது. சரியாக 45° அமையும் இடத்தில், தொலைவும் கண்மட்டத்திற்கு மேலுள்ள உயரமும் சமமாகும், அட்டவணை தேவையில்லை.

கற்பித்தலில் பயன்

பாடநூல் கணக்குகளில் பெரும்பாலும் 30°, 45°, 60° ஆகிய கோணங்களே தரப்படுகின்றன. களத்தில் கோணத்தையும் தொலைவையும் மாணவரே கண்டறிய வேண்டும். ஒரே மரத்தைப் பல குழுக்கள் அளக்கும்போது விடைகள் வேறுபடும். அவ்வேறுபாட்டின் காரணத்தை ஆராய்வதும் சராசரி காண்பதும் இப்பயிற்சியின் முக்கியப் பகுதிகளாகும். சமதரையில், அதே நேரத்தில் 1 மீ குச்சியின் நிழலையும் மரத்தின் நிழலையும் அளந்து, வடிவொத்த முக்கோணங்களின் வழியாக விடையைச் சரிபார்க்கலாம்.

இவற்றையும் பார்க்க

ஏற்றக்கோணம்
பாகைமானி
வடிவொத்த முக்கோணங்கள்