வேண்டாமென்று தள்ளப்பட்ட வைத்தியர்கள்

1914-ம் ஆண்டு ஆகஸ்டில் ஐரோப்பிய மகாயுத்தத்தில் பிரிட்டன் இறங்கியபொழுது, அதன் சேனையில் வைத்தியருக்குப் பெரும் பஞ்சம் நேரிட்டது. யுத்தம் முடிவதற்குள் அந்நாட்டு வைத்தியரில் பாதிப்பேருக்கு மேல் இராணுவ சேவையில் சேர்க்கப்பட்டனர். இவ்வளவு தேவையிருந்தும், தாமாகவே வந்து கதவைத் தட்டிய ஒரு வகுப்பாரைச் சர்க்கார் வேண்டாமென்றது. அவர்கள் பெண்கள்! லண்டனில் பெண்களுக்கென 1874 முதல் வைத்தியக் கல்லூரி நடந்துவந்ததை நாம் இங்கு நினைவுகொள்ள வேண்டும். தேர்ந்தவர் இல்லையென்று சொல்ல வழியில்லை.

எடின்பரோவில் பேர்பெற்ற டாக்டர் எல்சி இங்லிஸ், 1864-ல் இந்தியாவின் நைனிடாலில் பிறந்தவர். பெண்களே நடத்தும் ஆஸ்பத்திரிகளை அமைத்துத் தருவதாக அவர் முன்வந்தபோது, வீட்டிற்குப் போய்ச் சும்மா இருக்கும்படி அதிகாரி ஒருவர் கூறினாராம். பிரான்சும் செர்பியாவும் அவ்வாறு கூறவில்லை. 1915-ல் டைபஸ் காய்ச்சல் செர்பியாவில் நோயாளரோடு வைத்தியரையும் வாரிக்கொண்டு போனகாலத்தில் இங்லிஸ் அங்குச் சென்றார், பகைவரிடம் சிறைப்பட்டார், விடுதலையானபின் ருஷியப் படையோடும் சென்று பணியாற்றினார். 1917 நவம்பரில் இங்கிலாந்துக் கரையேறிய மறுநாளே உயிர்நீத்தார்.

இதற்கிடையில் சர்க்காரின் மனமும் சற்று இளகிற்று. மனம் மாறிற்று என்பதைவிடத் தேவை மிஞ்சிற்று என்பதே பொருந்துமென நாம் கருதுகிறோம். பெண்களின் வாக்குரிமைக்காகச் சிறைசென்ற லூயிசா காரெட் ஆண்டர்சனிடமும், அவருடைய தோழி பிளோரா முர்ரேயிடமும் 1915-ல் லண்டன் எண்டல் தெருவில் ஓர் இராணுவ ஆஸ்பத்திரி ஒப்படைக்கப்பட்டது. 1919 வரை ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்கு அங்கே பெண்களே இரண சிகிச்சை செய்தனர். 1916-ல் மால்டாத் தீவுக்கும் பெண் வைத்தியர் அனுப்பப்பட்டனர். ஆண் டாக்டர்களுக்கு அளித்த இராணுவப் பதவி மட்டும் யுத்தம் முடியும்வரை அவர்களுக்கு அளிக்கப்படவில்லை.