உருவமும் செயலும்: சிறுநீரகப் படிமவியலின் வளர்ச்சியும் புத்தளக் கரையோரமும்

கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்பாங்கான தோட்டங்களிலும் புத்தளம் களப்பை அண்டிய உப்பளங்களிலும் வெயிலில் நின்று உழைப்போருக்குச் சலக்கடுப்போ விலாநோவோ கண்டால், பெரும்பாலும் எழுதிக்கொடுக்கப்படுவது கழியொலிப் பரிசோதனையாகும். மக்கள் ‘ஸ்கேன்’ என்றழைக்கும் இச்சோதனை சிறுநீரகத்தின் உருவத்தைக் காட்டுகிறதே தவிர, அது எவ்வளவு இரத்தத்தை வடிக்கிறது என்பதை அளப்பதில்லை. உருவத்தைக் காண்பதும் செயலை அளப்பதும் வெவ்வேறு வழிகளில் வளர்ந்த வரலாற்றை அறிந்தால்தான், இக்கரையோரத்துக்கு வந்து சேர்ந்தது எது என்பது விளங்கும்.

1895இல் ரொண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தபின், கல்சியம் செறிந்த கற்களைப் படத்தில் காண முடிந்ததாயினும், சிறுநீரகமோ மங்கிய நிழலாகவே எஞ்சியது. 1906இல் ஃபோல்கரும் அலெக்சாண்டர் ஃபொன் லிக்டன்பெர்க்கும் சிறுநீர்க் குழாய் வழியே வெள்ளிக் கரைசலை மேல்நோக்கிச் செலுத்தி உட்குழிவுகளைப் படமெடுத்தனர். பெரும் திருப்பம் 1929இல் நேர்ந்தது. ஜேர்மனியில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் மோசஸ் ஸ்விக், அதே லிக்டன்பெர்க்கின் மருத்துவப் பிரிவில், யூரோசெலெக்டான் என்ற அயடீன் சேர்மத்தை நாளத்தில் ஏற்றி, சிறுநீரகமே அதனை வெளியேற்றும்போது படமெடுக்கும் முறையை நிலைநாட்டினார். இம்முறையில் படத்தை உருவாக்குவது சிறுநீரகத்தின் உழைப்பே; அது தளர்ந்தால் படமும் மங்கும். செயல் என்பது படிமத்துக்குள் முதன்முதலாக நுழைந்தது இவ்வாறுதான் எனக் கொள்ளலாம்.

அந்த உழைப்பை எண்ணால் அளக்கும் முயற்சி 1956இல் டாப்ளின், வின்டர் முதலியோர் கதிரியக்க அயடீன் ஏற்றப்பட்ட மருந்தைச் செலுத்தி, முதுகின் இருபுறமும் உணர்கருவிகளை வைத்து வரைகோடு எடுத்ததோடு தொடங்கியது. பின்னர் ஹால் ஆங்கர் உருவாக்கிய காமா கமெராவும் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கச் சமதானியும் இணைந்தபோது, இரு சிறுநீரகங்களின் பங்கையும் தனித்தனியே அளக்க முடிந்தது. ஆனால் டெக்னீசியத்தின் அரைவாழ்வுக்காலம் 6 மணித்தியாலம் மட்டுமே. அதாவது காலையில் ஆயத்தம் செய்த மருந்தின் கதிரியக்கம் மாலைக்குள் பாதியாகக் குறைந்துவிடும். அதனை மருந்தறையில் சேமித்து வைக்க இயலாமையால், புத்தளத்து நோயாளர் பேராதனை, கொழும்பு போன்ற இடங்களின் அணு மருத்துவப் பிரிவுகளையே நாட வேண்டியுள்ளது. 1971இல் முதல் நோயாளிக்குப் பயன்பட்ட சீ.ரி. ஸ்கேனும், அதன்பின் வந்த எம்.ஆர்.ஐ.யும் கூர்மையான படம் தந்தாலும், அவற்றுக்கான அயடீன், கடோலினிய மருந்துகளைத் தளர்ந்த சிறுநீரகத்துக்குத் தயங்கியே கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே கரையோரத்தில் நிலைத்தது, 1958இல் இயன் டொனால்ட் கிளாஸ்கோவிலிருந்து வெளியிட்ட ஆய்வோடு மருத்துவத்தில் வேரூன்றிய கழியொலியே. கதிர்வீச்சோ ஊசியோ இன்றி, விலாவில் பசை தடவி, மூச்சை அடக்கச் சொல்லி, திரையில் சிறுநீரகத்தின் இரு முனைகளிலும் புள்ளியிட்டு நீளம் அளக்கப்படுகிறது. வலச் சிறுநீரகத்தின் புறணி, அருகிலுள்ள ஈரலோடு ஒப்பிடப்படுகிறது. ஈரலைவிட வெளிறித் தோன்றுவதும் நீளம் குறுகுவதும் நாட்பட்ட நோயின் அடையாளங்களாகும். கல்லையும் அடைப்பையும் கண்டறிய இதைவிட எளிய துணை இல்லை.

எனினும் 1990களில் வடமத்திய மாகாணத்தில் அடையாளம் காணப்பட்டு, வடமேல் மாகாணத்தின் சில பகுதிகளிலும் அறியப்பட்ட, காரணம் உறுதிப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் இந்தச் சோதனைக்கு எளிதில் அகப்படுவதில்லை. அது நுண்குழாய்களையும் அவற்றைச் சூழ்ந்த இழையத்தையும் மெல்ல அரிப்பதால், தொடக்கத்தில் சிறுநீரில் புரதம் மிகக் குறைவாகவே கசிகிறது. சிறுநீரகத்தின் அளவும் இயல்பாகவே இருக்கும். திரையில் அது சுருங்கித் தெரியும் காலத்தில், வடிக்கும் ஆற்றலின் பெரும்பகுதி போய்விட்டிருக்கும். ஆதலால், ‘ஸ்கேன் நோர்மல்’ என்ற அறிக்கையோடு வீடு திரும்புவோர், இரத்தத்தில் கிரியேட்டினின் அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.