அகத்தியமலையின் அழுத்தமும் குழந்தையின் குருதியும்

திருவனந்தபுரம் வானாய்வகம் 1837-இல் சுவாதித் திருநாள் ஆட்சியில் நிறுவப்பட்டது. 1852-இல் அதன் இயக்குநரான ஜான் ஆலன் பிரவுன், 1855-இல் அகத்தியமலை உச்சியில் காந்தவியல், வானிலை நோக்கீடுகளுக்கென ஒரு துணை ஆய்வகத்தை அமைத்தார். ஒரே மாவட்டத்தில் கடலோரமும் 1,868 மீட்டர் உயரமும் இவ்வாறு ஒப்பீட்டுக்கு உள்ளாயின.

அவ்வுச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆயினும் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் இரண்டிடத்திலும் 21 விழுக்காடே. மலைநோய்க்குக் காரணம் விகிதம் அன்று, அழுத்தக் குறைவால் ஆக்சிஜனின் பகுதியழுத்தம் தாழ்வதே என்பதைப் பிரெஞ்சு உடலியலாளர் பால் பெர் 1878-இல் வெளியிட்ட நூலில் நிறுவினார்.

அழுத்தம் குறையும் அதே அளவில் குருதியின் ஆக்சிஜன் செறிவு குறைவதில்லை. ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றும் இயல்பால், அகத்தியமலை போன்ற உயரங்களில் நலமான குழந்தையின் செறிவு சிறிதளவே தாழும். சுமார் 2,500 மீட்டருக்கு மேல்தான் வீழ்ச்சி தெளிவாகப் புலப்படும்.

1974-இல் ஜப்பானியப் பொறியியலாளர் தகுவோ அவோயாகி பல்ஸ் ஆக்சிமீட்டரின் அடிப்படையைக் கண்டறிந்தார். ஊசியின்றிக் குழந்தைகளின் செறிவை அளக்க அது வழி திறந்தது. 3,658 மீட்டர் உயரத்திலுள்ள லாசாவில் பிறந்த சிசுக்களைப் பற்றிய ஆய்வு 1995-இல் வெளியாயிற்று. நான்காம் மாதத்தில், அமைதியான உறக்கத்தில், திபெத்தியச் சிசுக்களின் சராசரிச் செறிவு 86 விழுக்காடு. ஹான் சீனச் சிசுக்களுடையது 76. உயரம் ஒன்றே, தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்தோரின் உடல் வேறு.

கடல்மட்டத்தில் 90 விழுக்காட்டுக்குக் கீழான செறிவு அபாய அறிகுறி. அவ்வெல்லையை லாசாவில் அப்படியே கையாண்டால் நலமான திபெத்தியக் குழந்தையும் நோயாளியாகும். அரிய ஆக்சிஜன் உருளை அதற்கே செலவாகும். எல்லையை மிகத் தளர்த்தினாலோ நிமோனியாவில் மூச்சுத் திணறும் குழந்தை கவனத்திலிருந்து தப்பிவிடும். அங்கு பிழைக்கு விலை ஓர் உயிர்.

வானிலையாளர் காற்றழுத்தமானியின் அளவைக் கடல்மட்டத்திற்குக் கணக்கிட்டு மாற்றிவிடுவார். குழந்தையின் குருதியை அவ்வாறு மாற்றும் எளிய சூத்திரம் ஏதுமில்லை. எனவே மருத்துவக் குறிப்பேட்டில் செறிவின் அருகே ஊரின் உயரமும் குழந்தையின் வயதும் விழிப்பு, உறக்க நிலையும் இடம்பெற வேண்டும். அளந்த இடத்தைச் சொல்லாத எண் முழுமையான அளவாகாது.