துவக்கு என்று எழுதினால் பிழையா?

"சேர், துவக்கா துப்பாக்கியா சரி?" என்று பிள்ளையொன்று கேட்டது. உரும்பிராயில் வீட்டில் சொல்வது துவக்குதான். வாய்ப்பக்கமாக மருந்தும் சன்னமும் போட்டு இடித்து இறுக்குகிற அந்தக்கால ஆயுதமும் இடியன் துவக்குதான். கட்டுரையில் எழுதினால் மட்டும் 'பேச்சு வழக்கு' என்று நாங்கள் சிவப்புக் கோடு போடுகிறோம்.

உண்மையில் இரண்டு சொல்லும் துருக்கியரின் 'துஃபெக்' வழி வந்தவை. சிங்களத்தில் 'துவக்குவ'. 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையில் கொள்ளையடித்துப் போனவற்றில் ஆறு பொருட்களை நெதர்லாந்து 2023இல் திருப்பித் தந்ததல்லவா, அதில் இரண்டு 'மஹா துவக்கு'. மதிலில் தாங்கிச் சுடும் பெருந்துவக்குகள். கொழும்பு நூதனசாலைக்குப் போகிறவர்கள் மாணிக்கம் பதித்த லெவ்கே திசாவையின் பீரங்கியைத்தான் தேடுவார்கள். எங்களுக்கு இந்த இரண்டும்தான் பெரிசு.

பழைய சிங்களத் துவக்கே தனி வகை. மற்ற நாடுகளில் வழமையாக வலப்பக்கம் இருக்கும் விசைப்பூட்டு இதில் இடப்பக்கம். அடிக்கட்டை இரண்டாகப் பிளந்து சுருண்டிருக்கும். பூட்டின் மாதிரி போர்த்துக்கேயருடையது, வேலைப்பாடு எங்கள் நாட்டுக் கம்மாளருடையது.

1995 ஒக்டோபரில் போரால் ஊரை விட்டு இடம்பெயர்ந்த சனம் நாங்கள். இந்தச் சொல்லில் எங்களுக்கு ஆசையொன்றும் கிடையாது. ஆனாலும் பிள்ளை எழுதினால் இனிக் கோடு போடமாட்டோம்.