அக்குட் கணுவும் அறுவை மருத்துவமும்

மருத்துவ வரலாறு என்றதும், புதியன கண்டுபிடித்த கதைகளே நம் நினைவுக்கு வருகின்றன. பழைய முறைகளை மருத்துவர் எவ்வாறு கைவிட்டனர் என்பதும் அவ்வரலாற்றின் பகுதியேயாகும். மார்பகப் புற்றுநோயில் அக்குளின் நிணநீர்க் கணுக்களைப் பற்றிய கதை அத்தகையது.

மார்பகத்தினின்று வடியும் நிணநீரிற் பெரும்பகுதி அக்குளை அடைகின்றது. ஆங்குள்ள, அவரை விதை போன்ற சிறு கணுக்கள் அதனை வடிகட்டுகின்றன. நோய் பரவத் தொடங்கின், பெரும்பாலும் முதலில் தங்குமிடம் இக்கணுக்களே. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த வில்லியம் ஹால்ஸ்டெட், நோய் மார்பகத்திலிருந்து படிப்படியாகவே வெளியே பரவுகின்றது என்று கருதினார். ஆகவே மார்பகம், அதன் கீழுள்ள தசைகள், அக்குட் கணுக்கள் ஆகிய யாவற்றையும் ஒருசேர அகற்றினார். 1894-இல் அவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பின்னர், ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு அம்முறையே கோலோச்சிற்று. நோய் முற்றிய நிலையில் வந்த அக்காலத்து மாதருக்கு வேறு நல்ல வழி இருந்ததில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

ஆயினும் அதனால் விளைந்த துன்பம் சிறிதன்று. கணுக்களை முற்றும் எடுத்துவிட்டால், நிணநீர் வடிய வழியின்றிக் கை வீங்கும், தோள் இறுகும். ஐவரில் ஒருவருக்கு இவ்வீக்கம் நேர்வதாகப் பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. குடம் தூக்கவும், மாவு பிசையவும், குழந்தைக்குத் தலைவாரவும் கை வேண்டுமன்றோ?

1971-இல் பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு தொடங்கிற்று. அக்குளில் கட்டி தட்டுப்படாத மாதருள் ஒரு பிரிவினருக்குக் கணுக்கள் அகற்றப்பட்டன. மற்றொரு பிரிவினருக்கு மார்பகம் மட்டும் அகற்றப்பட்டது. முதற் பிரிவில் நூற்றுக்கு நாற்பதின்மர் அளவில் கணுக்களில் நோய் காணப்பட்டது. மற்றப் பிரிவிலும் அத்துணைப் பேருக்கு நோய் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர்களுள் பின்னர் அக்குளில் நோய் தலைகாட்டியோர் நூற்றுக்கு இருபதின்மரினும் குறைவே. 25 ஆண்டுகளுக்குப் பின், 2002-இல் வெளிவந்த முடிவிலும், உயிர் வாழ்வதில் இரு பிரிவினர்க்கும் வேறுபாடு காணப்படவில்லை.

கணு, நோயின் நிலையை உரைக்கும் சாட்சியே என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது. சாட்சி கூற ஒன்றிரண்டு போதுமல்லவா? நிணநீர் முதலிற் சென்றடையும் ‘காவற்கணு’வைக் கதிரியக்கப் பொருளால் இனங்காணும் வழியை டேவிட் க்ராக் 1993-இலும், நீலச்சாயத்தால் காணும் வழியை அர்மாண்டோ ஜூலியானோ 1994-இலும் வெளியிட்டனர். காவற்கணுவில் நோயில்லையேல் ஏனையவற்றை விட்டுவிடலாம் என்பதை, மிலான் நகரில் உம்பெர்த்தோ வெரோனேசி 516 மாதரைக் கொண்டு ஆராய்ந்து 2003-இல் நிறுவினார். மும்பையிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனையாரும், அக்குளின் கீழ்ப்பகுதிக் கணுக்களை மட்டும் எடுத்துச் சோதிக்கும் எளிய முறையை ஆராய்ந்துள்ளனர்.

இன்று எழும் வினா, அந்தச் சிறு சோதனையும் எல்லோர்க்கும் வேண்டுமா என்பதே. இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டியும், அல்ட்ராசவுண்டில் மாசற்ற அக்குளும் உடைய 1,405 மாதரை ஆராய்ந்த மிலான் ஆய்வு 2023-இல் வெளிவந்தது. ஐந்தாண்டுகள் கழிந்தபின், உடலின் வேறிடங்களுக்கு நோய் பரவாதிருந்தோர் சோதனை செய்துகொண்டவருள் நூற்றுக்கு 97.7, செய்துகொள்ளாதவருள் 98.0. ஜெர்மனி, ஆஸ்திரியா நாடுகளின் பெரிய ஆய்வும் 2024-இல் இதனையொத்த முடிவையே தந்தது.

ஆயினும் இது யாவர்க்கும் பொருந்தும் விதியன்று. 2025-இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் வகுத்த நெறியின்படி, மாதவிடாய் நின்ற, ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆன மாதருள், ஹார்மோனுக்கு இணங்கும் சிறு கட்டியும், அல்ட்ராசவுண்டில் நோயற்ற அக்குளும் உடையோரே பெரும்பாலும் இச்சலுகைக்கு உரியர். இளவயதினர்க்குக் கணுவின் நிலையறிந்தே மருந்தை முடிவு செய்யவேண்டி வரலாம்.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவருள், மொழித் தடையால் மருத்துவரிடம் மிகுதியாய்க் கேளாது தலையசைப்போர் பலர். துணைக்கு ஒருவரை அழைத்துச் சென்றேனும், “இச்சோதனையின் முடிவு என் சிகிச்சையை மாற்றுமா?” என்று கேட்டறிதல் நலம். மருத்துவ உலகம் இவ்வொரு வினாவுக்கு விடை காண ஒரு நூற்றாண்டுக்கு மேல் உழைத்திருக்கின்றது. அவ்விடையை அறியும் உரிமை நம் தாய்மார்க்கும் சகோதரிகளுக்கும் உண்டு.