புளியரை: சோதனைச்சாவடிக்கு அப்பால்



செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகும் சாலையில், மலை ஏறுமுன் வரும் ஊர் புளியரை. செய்தித்தாளில் இந்தப் பெயர் வந்தால் பெரும்பாலும் சோதனைச்சாவடிச் செய்தியாகவே இருக்கும். வைக்கோல் லாரி, காய்கறி லாரி, எஸ் வளைவில் நெரிசல். ஆனால் சாவடிக்கு முன்பே ஊர் இருந்தது.

செங்கோட்டை தாலுகா அன்று திருவிதாங்கூருக்குச் சொந்தம். இங்கே செலவானது சக்கரக் காசு. ஒரு ரூபாய்க்கு 28 சக்கரம். 1911இல் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர். வேலை பார்த்தது புனலூரில், திருவிதாங்கூர் வனத்துறையில். 1904இல் மலையைக் குடைந்து ரயில் வந்தது. பக்கத்திலுள்ள பகவதிபுரம் நிலையம் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. 2010இல் மீட்டர்கேஜ் ரயில் நின்று, 2018இல் அகலப்பாதையில் மறுபடி ஓடியது.

1956 நவம்பர் 1ஆம் தேதி செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆரியங்காவு கேரளத்தில் நின்றது. நேற்றுவரை ஒரே அரசின் கீழ் இருந்த மாமன் வீடும் மச்சான் வீடும் இரண்டு மாநிலங்களாயின. 1945இல் புளியரையில் பிறந்தவர் ஊரைவிட்டு நகராமலே திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சி, சென்னை மாநிலம், தமிழ்நாடு என்று நான்கு பெயர்களைப் பார்த்துவிட்டார். 2019இல் மாவட்டமும் திருநெல்வேலி போய்த் தென்காசி ஆனது.

இதை ஏன் சொல்கிறேன்? இந்த ஊர்களின் வரலாறு பெரிய புத்தகத்தில் இல்லை. உங்கள் வீட்டுப் பரணில் தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. பழைய பத்திரம், வரி ரசீது, ஜாதகம். மலையாள எழுத்தும் கொல்லம் ஆண்டும் இருப்பதால் "யாருக்குப் புரியும்" என்று வீடு இடிக்கும்போது குப்பையில் போடுகிறோம்.

ஆண்டு புரிவது எளிது. ஆவணி பிறந்ததிலிருந்து டிசம்பர் முடிய உள்ள தேதியானால் கொல்லம் ஆண்டோடு 824 கூட்டுங்கள்; ஜனவரி முதல் ஆடி முடிய 825. கொல்லம் 1132 ஐப்பசி என்றிருந்தால் அது 1956. நம் எல்லை மாறிய அதே நேரம்!

மலையாளம் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்தத் தாள்களைப் படம் எடுத்து, அவர்களிடம் வாசித்துக் கேட்டு, பேர், வருஷத்தோடு எழுதி வையுங்கள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த வீட்டுப்பாடம்போல் நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.