மலிவான வெள்ளை ஒயினின் இளம் வரலாறு: ருவேதா மேட்டுநிலமும் நந்திமலை அடிவாரமும்

பெங்களூரின் மதுக்கடைகளில் ஸ்பெயின் நாட்டு வெள்ளை ஒயினும் நந்திமலை அடிவாரத்து வெள்ளை ஒயினும் இன்று ஒரே அடுக்கில் நிற்கின்றன. இரண்டையும் ஒப்பிட்டுச் சுவைப்போர், ஒன்றை ஈராயிரம் ஆண்டு மரபின் வாரிசாகவும் மற்றொன்றை நேற்றுப் பிறந்த போலியாகவும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு கோப்பையை எடுக்கின்றனர். ஸ்பெயினில் திராட்சைச் சாகுபடி தொன்மையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் எளிய விலைக்குக் கிடைக்கும், வெளிர்நிறமும் பழமணமும் கூர்மையான புளிப்பும் உடைய ஸ்பானிய வெள்ளை ஒயின், வயதில் நந்திமலை ஒயினுக்கு ஒரு தலைமுறை மட்டுமே மூத்தது.

காஸ்தீல் பகுதியின் ருவேதா இதற்குத் தெளிவான சான்று. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 முதல் 800 மீட்டர் உயரத்தில் அமைந்த அம்மேட்டுநிலத்தில் வெர்தேஹோ என்னும் திராட்சை நெடுங்காலமாக விளைகிறது. அதிலிருந்து பழைய முறையில் வடிக்கப்பட்டதோ, காற்றுப்பட்டுப் பொன்னிறமாக முதிர்ந்த கனத்த மது. ரியோஹாவின் புகழ்பெற்ற மார்க்கேஸ் தெ ரிஸ்கால் நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் வெள்ளை ஒயினுக்கென ருவேதாவைத் தேர்ந்த பின்னரே அவ்வூரின் போக்கு மாறியது. துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி, குளிர்நிலையில் நொதித்தல், பகல் வெப்பத்தைத் தவிர்க்க இரவில் அறுவடை ஆகிய மூன்றும் சேர்ந்து பழைய பழத்திலிருந்து புதிய மதுவை உருவாக்கின. 1980இல் ருவேதாவும் 1988இல் அல்பரீன்யோ விளையும் ரியாஸ் பைஷாஸும் சட்டப்படியான பெயருரிமை பெற்றன. ஆக, ‘மரபு’ என்று சுவைஞர் போற்றுவதில் பாதிக்குமேல் குளிரூட்டும் இயந்திரத்தின் கொடை.

அதே 1988இல்தான் தொட்டபள்ளாபுரம் அருகே கன்வல் குரோவர், ஷாம்பெயின் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் வெஸெல் என்பாரின் துணையோடு, ஐரோப்பிய ஒயின் திராட்சைகளுக்கான தோட்டத்தை நிறுவினார். முதல் ஒயின் 1992இல் வெளிவந்தது. இங்கும் மேட்டுநிலம், குளிர்ந்த இரவு, எஃகுத் தொட்டி ஆகியவையே அடிப்படை. வேறுபாடு கொடியின் வாழ்க்கையில் இருக்கிறது. ஸ்பெயினில் பனிக்காலம் வந்தால் கொடி இலையுதிர்த்து உறங்கிவிடும். 13 பாகை வடக்கு அகலாங்கில் அமைந்த பெங்களூரில் கொடிக்கு உறக்கமே இல்லை. ஆகவே உழவர் ஆண்டுக்கு இருமுறை கவாத்துச் செய்து, கோடைக் கவாத்தால் கிளையையும் மழைக்காலம் முடியும் வேளையில் செய்யும் கவாத்தால் காயையும் பெறுகின்றனர். பழம் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அறுவடைக்கு வரும். மழைக்காலத்து விளைச்சலை வேண்டாமென்று விட்டு, குளிரும் வறட்சியும் உள்ள மாதங்களில் பழத்தைக் கனியச் செய்யும் இவ்வுத்தி, ருவேதாவின் இரவு அறுவடைக்குச் சற்றும் குறைந்த நுட்பமன்று. சுவைக்குறிப்புகளில் இதற்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படுவதில்லை என்பது வியப்பு.

குரோவர் தோட்டத்திற்கு முன்பே இவ்வட்டாரத்தில் திராட்சை உண்டு. ‘பெங்களூர் நீலம்’ எனப்படும் கருநீலப் பழம் பெங்களூர் ஊரகம், சிக்கபள்ளாபுரம், கோலார் பகுதிகளில் தலைமுறைகளாக விளைகிறது. இது அமெரிக்கத் திராட்சையினத்தின் கலப்பான இசபெல்லா வகையைச் சேர்ந்தது. இதன் அழுத்தமான இனிய வாடையை ஆங்கிலச் சுவைஞர் நரியோடு தொடர்புபடுத்திப் பெயரிட்டனர், பெயரே பழிப்பாகிவிட்டது. பிரான்சு 1930களில் இசபெல்லா உள்ளிட்ட சில கலப்பினங்களுக்குச் சட்டத்தால் தடைவிதித்தது. அதன் உறவான பெங்களூர் நீலத்துக்கோ 2013இல் இந்தியாவில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஓரிடத்தில் குற்றவாளி, மற்றோரிடத்தில் மண்ணின் மைந்தன்! எனினும் உயர்ந்த ஒயினின் பட்டியலில் அதற்கு இடமில்லை. பழச்சாறும் இனிப்பூட்டிய மலிவான ‘போர்ட்’ வகையுமே அதன் பங்கு. பெங்களூரின் வெள்ளை ஒயின் வெளிநாட்டுப் பழங்களான சோவிஞோன் பிளாங், வியோனியே, செனின் பிளாங் முதலியவற்றையே நம்பி நிற்பதற்கு மண் மட்டும் காரணமன்று. இச்சுவைத் தீர்ப்பும் ஒரு காரணம்.

சுவைத் தீர்ப்பு மொழியில் தொடங்குகிறது. வெர்தேஹோவை விவரிக்கும் நூல்கள் பெருஞ்சீரகத்தையும் இறுதியில் தங்கும் மெல்லிய கசப்பையும் சுட்டும். அல்பரீன்யோவுக்குக் கடலுப்பும் குழிப்பேரிப் பழமும். குழிப்பேரியைக் கண்டிராத ஒருவர் இவற்றை மனப்பாடம் செய்துதான் ஒப்பிக்க வேண்டும். தமிழுக்கு இத்துறையில் சொற்பஞ்சம் இல்லை. கள், நறவு, மட்டு, தேறல் எனச் சங்க இலக்கியம் பல பெயர்களை வழங்குகிறது. அவற்றுள் தேறல் என்பது ‘தேறு’ என்னும் வினையடியாகப் பிறந்தது. வண்டல் அடங்கித் தெளிந்தது என்பது பொருள். யவனர் கொணர்ந்த மதுவைப் பாண்டியன் அருந்துவதைப் பாடும் புறநானூற்று 56ஆம் பாடலில் நக்கீரர் கையாள்வதும் இச்சொல்லே. அங்கே குளிர்ச்சியும் மணமும் அதன் அடைமொழிகள். வெள்ளை ஒயினைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான சொல் வேண்டியதில்லை. பச்சைக் கொய்யா, எலுமிச்சைத் தோல், விளாங்காயின் துவர்ப்பு என்று நந்திமலை சோவிஞோன் பிளாங்கை ஒரு தமிழர் விவரித்தால் அது குறைபட்ட மொழிபெயர்ப்பாகாது, அதுவே மூலம்.

இனி விலை. ஸ்பெயினில் சில யூரோவுக்குக் கிடைப்பது பெங்களூரில் ஆடம்பரப் பொருளாகிறது. இறக்குமதி ஒயினுக்கு இந்தியா நெடுங்காலம் 150 விழுக்காடு சுங்கம் விதித்து வந்தது. 2021 நிதிநிலை அறிக்கை அதை 50 விழுக்காடு அடிப்படைச் சுங்கமாகவும் 100 விழுக்காடு வேளாண் கட்டமைப்பு வரியாகவும் பிரித்ததே தவிர, கூட்டுத்தொகை மாறவில்லை. மது மாநிலப் பட்டியலில் உள்ள பொருளாதலால் மாநிலத்தின் கலால் வரி தனி. கர்நாடகமோ 2007இல் திராட்சைப் பதப்படுத்தலுக்கும் ஒயினுக்கும் தனிக் கொள்கை வகுத்து, உள்ளூர் ஒயினுக்குச் சலுகை அளித்தது. ஆகவே ஒரே விலையுடைய இரு புட்டிகளை ஒப்பிடுவோர் சமமானவற்றை ஒப்பிடுவதில்லை: ஸ்பானியப் புட்டியின் விலையில் பெரும்பகுதி வரியும் கப்பல் கூலியும்; அதனுள் இருப்பது அந்நாட்டின் அடித்தட்டு ஒயின். அதே தொகைக்கு நந்திமலையின் நடுத்தரமோ அதற்கு மேற்பட்டதோ கிடைத்துவிடும்.

அறுவடைக்காலமும் ஒப்பீட்டைக் குழப்பும். புட்டியில் அச்சிடப்படும் ஆண்டு, பழம் பறித்த ஆண்டு. 2023 என்று இரண்டிலும் இருந்தாலும் நந்திமலைப் பழம் அவ்வாண்டின் தொடக்கத்திலும் ருவேதாப் பழம் செப்டம்பர் வாக்கிலும் பறிக்கப்பட்டவை. முன்னது அரையாண்டு மூத்தது. ஓரிரு ஆண்டுக்குள் அருந்த வேண்டிய எளிய வெள்ளை ஒயினில் அரையாண்டு சிறிய இடைவெளியன்று. மறுபுறம், ஸ்பானியப் புட்டி வெப்பமண்டலக் கடலைக் கடந்து, துறைமுகக் கிடங்கில் காத்திருந்து வந்து சேர்கிறது. அதன் மணம் மங்கியிருந்தால், குறை வெர்தேஹோவினுடையதா வழிப்பயணத்தினுடையதா என்பதை நாக்கு மட்டும் சொல்லிவிடாது.